மலிவு கார் கம்பெனிக்கு சரிப்படுமா?

கம்பெனிக்கு கார் வாங்க வேண்டும். மானேஜர் மேஜை மேல் மூன்று கொட்டேஷன் கிடக்கிறது. எது விலை குறைவோ அதற்கு ஒரு 'டிக்'! அவ்வளவுதான், சோலி முடிந்தது.

அண்ணா சாலை ஆபீசானாலும் சரி, அம்பத்தூர் தொழிற்பேட்டையானாலும் சரி, பல இடங்களில் நடப்பது இதுதான்.

இதற்கு நேர் எதிர் ஆசாமியும் உண்டு. "என்னய்யா இது, மாருதியா வாங்குறே? நாலு பேரு பார்த்தா கம்பெனி பேரு என்னாவுறது?" என்று முகம் சுளிக்கும் பங்குதாரர்!

ஒருவர் பார்ப்பது விலைச் சீட்டை. மற்றவர் பார்ப்பது பானெட் மேல் இருக்கும் சின்னத்தை. அந்தக் காரில் தினம் தினம் உட்கார்ந்து போகப் போகிறவன் யார் என்பதை இரண்டு பேருமே பார்ப்பதில்லை. கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

மலிவு பிராண்டு என்றதும் இந்த ஊரில் முதலில் வாயில் வரும் பெயர் மாருதி. ஆகவே அதையே தராசில் போடலாம்.

யானையைக் கட்டி தீனி

ஒரு காலத்தில் கம்பெனி கார் என்றால் அம்பாசடர்தான். அதை விட்டால் பியட். சென்னைக்காரர்களுக்கு மூன்றாவதாக இன்னொன்றும் இருந்தது. பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணத்தைக் கட்டி விட்டு ஆண்டுக் கணக்கில் காத்திருந்த காலம் அது.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி 800 கார் சாவி கைமாறியது. விலை ரூ.47 ஆயிரத்து 500. என்ஜின் 796 சி.சி.

"இது காரா, தகர டப்பாவா?" என்று கேலி செய்தார்கள். முதலாளி ஏறினால் முட்டி இடிக்கும் என்றார்கள்.

அதே சமயத்தில் நம்ம ஊர் ஸ்டாண்டர்டு கம்பெனி வேறு பாதையில் போனது. 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று ஒரு காரை இறக்கியது. இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பு. உள்ளே பழைய காலத்து என்ஜின். பார்வைக்கு ராஜா மாதிரி இருக்கும். விலையும் ராஜா விலை. பெட்ரோல் குடிப்பதிலும் ராஜாதான்!

என்ன ஆயிற்று? 1988-ல் தயாரிப்பே நின்று விட்டது.

தகர டப்பா மட்டும் ஓடிக் கொண்டே இருந்தது. 2014 ஜனவரியில்தான் மாருதி 800 தயாரிப்பு முடிந்தது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசடருக்கும் மூடுவிழா. பெரியவரும் சின்னவரும் ஒரே வருஷத்தில் கிளம்பிப் போனார்கள்.

இதில் கம்பெனிகள் கற்றுக் கொண்டது ஒன்று உண்டு. காரை வாங்குவது ஒரு நாள் செலவு. ஓட்டுவது தினசரி செலவு. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகி விடக் கூடாது.

கணக்கு போட்டே பார்க்கலாம். ஆபீஸ் கார் மாதம் 2 ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக் கொள்ளுங்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கிற காருக்கு 100 லிட்டர் பெட்ரோல் போதும். 15 கிலோமீட்டர் கொடுக்கிற காருக்கு 133 லிட்டர் வேண்டும். லிட்டர் ரூ.100 என்றால் மாதத்துக்கு ரூ.3 ஆயிரத்து 300 வித்தியாசம். ஐந்து ஆண்டில்? கிட்டத்தட்ட 2 லட்சம்!

சின்ன காருக்கு இது ஒரு பெரிய பலம். மறுப்பதற்கில்லை.

படுத்து விட்டால்?

வீட்டுக் கார் ரிப்பேரானால் ஆட்டோ பிடித்துப் போய் விடலாம். கம்பெனி கார் படுத்து விட்டால் அன்றைக்கு வசூல் போச்சு, டெலிவரி போச்சு, பார்ட்டி கோபமாகி போனில் கத்துவார். ஆகவே கம்பெனி காருக்கு முதல் பரீட்சை, மாதத்தில் எத்தனை நாள் ரோட்டில் இருக்கும் என்பதுதான். விலை அதற்குப் பிறகு.

இந்தப் பரீட்சையில் மாருதிக்கு நல்ல மார்க். நாட்டிலேயே அதிகமாக விற்கும் கார் அது. அதனால் ஒர்க்‌ஷாப் இல்லாத ஊர் குறைவு. திண்டிவனத்தில் நின்று போனாலும் திருவண்ணாமலையில் நின்று போனாலும் கை வைக்க ஒரு மெக்கானிக் கிடைப்பார். ஜி.பி. ரோட்டில் கேட்டால் பார்ட்ஸ் கிடைக்கும். டிரைவர் லீவு போட்டால் அடுத்த டிரைவருக்கு கியர் எங்கே, லைட் எங்கே என்று பாடம் நடத்த வேண்டாம்.

மலிவு பிராண்டு எல்லாமே இப்படியா? இல்லை! இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

டாட்சன் ஞாபகம் இருக்கிறதா? நிசான் கம்பெனி தூசு தட்டி எடுத்த பழைய பெயர் அது. நமக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஒரகடத்தில் தயாரானது. 2014 மார்ச்சில் 'கோ' என்ற காரை ரூ.3 லட்சத்து 12 ஆயிரம் என்ற ஆரம்ப விலையில் விற்பனைக்குக் கொண்டு வந்தார்கள். விலையைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும்.

அந்த வருஷமே, நவம்பர் மாதம், குளோபல் என்கேப் என்ற அமைப்பு அந்தக் காரை மோத விட்டுப் பார்த்தது. கிடைத்தது பூஜ்யம் நட்சத்திரம். 2022 ஏப்ரலில் டாட்சன் தயாரிப்பையே இந்தியாவில் நிறுத்தி விட்டார்கள். ஒரு பிராண்டு வந்து, ஓடி, மறைந்து போக எட்டே ஆண்டு!

சர்வீசும் பார்ட்சும் தொடர்ந்து கிடைக்கும் என்று நிசான் சொன்னது. சரி. ஆனால் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் வாக்குறுதியைக் கேட்டு விலை போடுமா? கடையை மூடிய பிராண்டு என்றாலே புரோக்கர் உதட்டைப் பிதுக்குவார்.

விலை குறைந்த பிராண்டுக்குத்தான் இந்தக் கதி என்று நினைத்து விட வேண்டாம். செவ்ரோலே கார் விற்பனை 2017-ம் ஆண்டோடு இங்கே முடிந்தது. மறைமலைநகரில் கார் செய்த போர்டு கம்பெனி 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தது. சின்னவரும் போவார், பெரியவரும் போவார். ஐந்து வருஷம் கழித்தும் கதவைத் திறந்து வைத்திருக்கிற கம்பெனியா என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மழையும் ஒரு பரீட்சை. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! அவற்றில் நனைந்ததோடு தப்பித்த என்ஜின் உண்டு. தண்ணீர் வடியும் முன்னே "ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போம்" என்று சாவியைத் திருகியதில் உடைந்த என்ஜினும் உண்டு. அப்படி உடைந்ததற்கு சாதாரண இன்சூரன்சில் பணம் கிடைப்பது கஷ்டம். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒன்று சேர்க்க வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவர்கள் அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது வீண்.

வரிக் கணக்கு

"கம்பெனி பெயரில் வாங்கினால் எல்லாம் வரியில் கழிந்து விடும்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை.

வருமான வரிக் கணக்கில் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம். 6 லட்சம் ரூபாய் கார் என்றால் முதல் முழு ஆண்டில் 90 ஆயிரம். ஆனால் கார் வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை சாதாரண வியாபாரக் கம்பெனி திரும்பக் கழித்துக் கொள்ள முடியாது. டாக்சி ஓட்டுகிறவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், கார் விற்கிறவர் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்களுக்குப் போனது போனதுதான்.

அந்த வகையில் சின்ன காருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் 4 மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பெரிய கார்களுக்கு 40 சதவீதம். திரும்ப வராத வரி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் லாபம்.

காரைச் சொந்த வேலைக்கும் எடுத்துப் போகிற மானேஜருக்கு அவர் பங்குக்கு ஒரு வரி உண்டு. அது காரின் விலையைப் பார்த்துப் போடுவது இல்லை. என்ஜின் 1.6 லிட்டருக்குள்ளா, வெளியிலா என்று பார்த்துப் போடுவது. மலிவு காருக்கும் அதே கணக்கு, அதைவிட இரண்டு மடங்கு விலை உள்ள சின்ன என்ஜின் காருக்கும் அதே கணக்கு! "எனக்கு வரி ஒண்ணுதானே சார், கொஞ்சம் நல்ல காரா குடுங்களேன்" என்று மானேஜர் கேட்டால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கவுரவம் என்னாவது?

அந்தப் பங்குதாரரின் பேச்சையும் ஒரேயடியாகத் தள்ளி விட முடியாது. மலிவு என்ற முத்திரை பொல்லாதது. நானோ காருக்கு நடந்தது ஊருக்கே தெரியும். 2009-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகமே பேசியது. அந்தப் பேச்சே அதற்குக் கண்திருஷ்டி ஆனது. விலை குறைந்த கார் என்று விளம்பரமானதே தப்பாகப் போய் விட்டது என்று ரத்தன் டாட்டாவே பின்னால் ஒப்புக் கொண்டார். பக்கத்து வீட்டுக்காரன் 'சீப்பு' என்று சொல்லி விடுவானோ என்ற பயம் நடுத்தர மனிதனுக்கு எப்போதும் உண்டு.

ஆனால் கம்பெனிக்கு அந்தப் பயம் எதற்கு? வாடிக்கையாளர் பார்ப்பது சரக்கு சொன்ன தேதியில் வந்ததா என்பதை. காரில் வந்தானா, டவுன் பஸ்சில் வந்தானா என்று பில்லில் எழுதுவது இல்லை. டிசையர் காரைப் பார்த்தால் கால் டாக்சி மாதிரி இருக்கிறது என்று அலுத்துக் கொள்பவர்கள் ஒன்றை யோசிக்கலாம். நாள் முழுக்க ஓடிப் பிழைக்கிற டாக்சிக்காரர் ஏன் அதையே தேடி வாங்குகிறார்? அவர் கைக்காசு ஆயிற்றே!

உட்காருகிறவன் யார்?

இதுவரை பார்த்ததில் மலிவு பிராண்டு நன்றாகவே தேறி விட்டது. இனி வருவதுதான் கஷ்டமான கேள்வி.

சொந்தக் கார் வாங்குகிறவன் தன் உயிருக்குத் தானே கணக்கு பார்த்துக் கொள்கிறான். நாலு ஷோரூம் ஏறி இறங்குகிறான். மனைவியிடம் கேட்கிறான். கம்பெனி காரில் போகிற சேல்ஸ்மேனுக்கு அந்த உரிமை ஏது? கொடுத்த சாவியை வாங்கிக் கொண்டு போக வேண்டியதுதான். "இந்தக் கார் வேணாம் சார், பயமா இருக்கு" என்று எந்த சிப்பந்தி முதலாளியிடம் சொல்லப் போகிறான்?

கையெழுத்துப் போடுகிறவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். காரில் போகிறவன் ராத்திரி 11 மணிக்கு விழுப்புரத்தில் வசூலை முடித்து விட்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே திரும்பி வருகிறான்.

ஆகவே மாருதி நல்லதா என்று மொத்தமாகக் கேட்பது போதாது. எந்த மாருதி என்று கேட்க வேண்டும்.

குளோபல் என்கேப் மோத விட்டுப் பார்த்ததில் எஸ்-பிரெஸ்ஸோ 2020-ல் வாங்கியது பூஜ்யம் நட்சத்திரம். 2023-ல் வேகன் ஆர் வாங்கியது 1. ஆல்டோ கே10 வாங்கியது 2. அதே கம்பெனியின் புது டிசையர் 2024 நவம்பரில் வாங்கியது எத்தனை தெரியுமா? பெரியவர்களுக்கான பாதுகாப்பில் முழுசாக 5!

ஒரே பிராண்டு. ஒரே ஷோரூம் குடும்பம். ஒரே மெக்கானிக். நட்சத்திரத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

வேகன் ஆர், ஆல்டோ கே10 கார்களுக்கும் 2025-ல் 6 ஏர்பேக் வந்து விட்டது. நல்ல காரியம். 2023-ல் மோதிப் பார்த்தபோது இருந்தது இரண்டுதான். ஆனாலும் பை கூடினதால் மட்டும் காரின் கூடு கெட்டியாகி விடாது. மோதும்போது முதலில் தாங்க வேண்டியது கூடு. பை அதற்கு அப்புறம்.

சரி, வித்தியாசம் எவ்வளவு ரூபாய்? வரி குறைந்த பிறகு, 2025 செப்டம்பரில், வேகன் ஆர் ஆரம்ப ஷோரூம் விலை 5 லட்சத்துக்கு சற்று குறைவு. டிசையர் சுமார் ஆறேகால் லட்சம். இடைவெளி ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி. ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 2 ஆயிரத்து 100 ரூபாய். நாளைக்கு 70 ரூபாய்!

மீட்டிங் நடக்கும்போது ஆபீஸ் பையன் வாங்கி வருகிற காபி, வடைக்கு அதைவிட அதிகம் ஆகிறது. காரை விற்கும்போது அந்த 70 ரூபாயிலும் ஒரு பங்கு திரும்பி வரும்.

இதைத்தான் கொட்டேஷனில் 'டிக்' போடுகிற மானேஜர்கள் பார்க்கத் தவறுகிறார்கள். மலிவு பிராண்டை எடுத்தது புத்திசாலித்தனம். அதிலும் அடிமட்ட மாடலைத் தேடிப் பிடித்தது கஞ்சத்தனம்.

பாரிமுனையிலிருந்து தியாகராய நகருக்கு பேங்க் வேலையாகப் போய் வர ஒரு சின்ன ஆல்டோ போதும். சென்னை நெரிசலில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டாலே அதிர்ஷ்டம். பார்க்கிங் கிடைக்கவும் சின்ன கார்தான் சவுகரியம். அதே காரை வேலூருக்கும் பெங்களூருக்கும் அனுப்பும்போதுதான் தப்பு. ஊருக்குள் ஓட ஒன்று, ஹைவேயில் ஓட ஒன்று என்று பிரித்து வைத்துக் கொள்கிற கம்பெனி கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்தாலும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

மாருதியைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. இதே சின்ன கார் வரிசையில் டாட்டா டியாகோ 2020-லேயே 4 நட்சத்திரம் வாங்கியது. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட், 2016-ல் குளோபல் என்கேப் மோதிப் பார்த்தபோது, பூஜ்யத்தில்தான் ஆரம்பித்தது. மாடல் மாறும்போது மார்க்கும் மாறும். 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் சோதனை நடக்கிறது. கொட்டேஷன் கேட்கும்போதே, "இந்த மாடல் எத்தனை நட்சத்திரம், எந்த வருஷம் சோதனை பண்ணினது?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் ஷோரூம்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். 'சோதனை செய்யவில்லை' என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பின் சீட்டு பெல்ட்

நட்சத்திரம் வாங்கிய காரை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்ததா? பின் சீட்டில் உட்காரும் பெரிய மனிதர்கள் பெல்ட் போடுகிறார்களா என்றால், பத்துக்கு ஒருவர் போட்டால் ஆச்சரியம். "முன்னாடி இருக்கிறவன்தானே போடணும்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் ரூ.1,000.

2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் போனது மெர்சிடிஸ் காரில். பின் சீட்டில் இருந்தவர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள். முன் சீட்டில் இருந்த இருவர் காயத்தோடு தப்பினார்கள். கோடீஸ்வரர் ஏறுகிற காரிலேயே நிலைமை இது என்றால், ஐந்து லட்ச ரூபாய் காரில் பெல்ட் போடாமல் தூங்கிக் கொண்டு போகிறவர் எதை நம்பித் தூங்குகிறார்?

கடைசியாக டயர். மலிவு காரை வாங்கி விட்டு, "இன்னும் ஒரு ஆறு மாசம் ஓட்டலாம்பா" என்று வழுக்கை டயரோடு அனுப்புகிற கம்பெனிகள் இந்த ஊரில் ஏராளம். மழை நாளில் பிரேக் பிடித்தால் அந்த டயர் நிற்காது. காலையில் ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பு டிரைவர் டயரைத் தடவிப் பார்த்து, லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட வேண்டும். அந்தப் புத்தகத்தை மானேஜர் வாரம் ஒரு முறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். டயர் பில்லில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தானே!